பொயிலர் நின்ற காலை

எட்டாம் வகுப்போடு லண்டனுக்கு வந்தவன் நான். வெம்பிளியில் இரண்டு கடை, நோர்பரியில் சொந்த வீடு. அந்த வீட்டைச் சூடாக்கும் பொயிலரின் கழிவுநீர்க் குழாயைக்கூட நானே போட்டேன்.

போன தை மாதம், பிறந்து ஐந்து நாளான பேரனோடு மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வரவிருந்த காலையில் பொயிலர் நின்றுவிட்டது. வீடு ஐஸ்பெட்டி போலக் குளிர்ந்தது. வெளிச்சுவரில் அந்தக் குழாய் உறைந்து கிடந்தது; கழிவுநீர் போக வழியில்லாவிட்டால் பொயிலர் தானாகவே நின்றுவிடும். அதற்கு உறை சுற்றும்படி மனைவி கார்த்திகையிலேயே கேட்டாள். "குழாய்க்கும் சுவெட்டரோ?" என்று நான் சிரித்தேன்.

கொதித்த கேத்திலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மனைவி மறித்தாள்.

"இஞ்சாருங்கோ, கொதிதண்ணி ஊத்தினால் குழாய் வெடிக்கும். பிள்ளையைக் குளிப்பாட்டுற அளவு சூடே காணும்."

வாளியில் பச்சைத் தண்ணீர் கலந்து, முழங்கையை நனைத்துச் சூடு பார்த்துத் தந்தாள். மூன்றாவது வாளியோடு அடைப்பு இளகியது. உள்ளே போய்ப் பொயிலரைத் திரும்பப் போட்டேன். உறுமியது.

"இப்ப சுவெட்டர் போடுவமோ?" என்றாள்.

"ஓம். பிழை என்ரதான்" என்றேன். நாற்பது வருடத்தில் அவளிடம் முதல் தடவையாக.

பேரன் சூடான வீட்டுக்குள் வந்தது அவளுடைய மூளையால்தான். எல்லோருக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் பனியில் முழங்காலில் நின்று மூன்று வாளியும் ஊற்றியவன் நான். பேரனுக்குக் கதை சொல்லும்போது அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.