சாமி மாடத்துச் சிவப்பு ஹெல்மெட்

இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாகப் பல வருடம் ஓடிவிட்டது. என் மாமியார் இருக்கிறவரை இந்தச் சேதி அவர் காதில் விழக் கூடாது என்றிருந்தேன். போன மாசியில் அவர் இறைவனடி சேர்ந்துவிட்டார். எங்கள் சாமி மாடத்தில், முருகன் படத்தை ஒட்டி, இன்னும் அந்தச் சிவப்பு ஹெல்மெட் இருக்கிறது. அவர் கடைசியாக வைத்த குங்குமம் அதன் நெற்றியில் காய்ந்து கிடக்கிறது.

அது என் கொழுந்தனுடையது. இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வந்து சில வருடம் ஆன சமயம் அது. உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே, அங்கிருந்த பந்தயத் தடத்தில் பைக் பந்தயம் ஓட்டினான். பந்தய ஞாயிறுகளில் பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீடுவரை அந்த இரைச்சல் கேட்கும். கேட்டுக்கொண்டேதான் குழம்பு கொதிக்க வைப்பேன்.

ஒருமுறை பந்தயத்தில் வளைவில் வழுக்கி, தலை தரையில் மோதி விழுந்தான். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஹெல்மெட்டில் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். மாமியார் அதை வாங்கிக் கழுவி, விபூதி பூசி, மாடத்தில் வைத்தார். அவனுடைய மெக்கானிக் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது? அடி வாங்குன ஹெல்மெட் இனிமே ஒதவாது. உள்ள இருக்கிற தெர்மாகோல் அமுங்கிப் போயிருக்கும், வெளிய தெரியாது. தூக்கிப் போடு."

"எம்புள்ளய எனக்குக் குடுத்ததே இதாண்டா. இதப் போயி தூக்கிப் போட சொல்றியே, வாய் கூசல?"

கொழுந்தன் சிரித்தான். "முருகன் மயில்ல ஹெல்மெட் இல்லாம சுத்திகினு கீறாரு. ஒரு போலீசும் புடிக்கல. எனக்குத்தான் இந்த ரோதன!"

மெக்கானிக் பேச்சைக் கேட்டுப் புதிதாக ஒன்று வாங்கவும் செய்தான். அதைப் போட்டு ஓட்டிய முதல் பந்தயத்தில் கடைசியில் வந்தான். மாமியார் மாடத்தைப் பார்த்தார். அடுத்த வாரம் பழையதை ஸ்ரீபெரும்புதூருக்குக் கொண்டுபோய்த் தேய்மானம் மறையச் சிவப்புப் பெயிண்ட் அடித்து வந்தான். அடுத்த பந்தயத்துக்கு முன் ஹெல்மெட்டைச் சோதித்தவர்கள் கண்ணில் அது படவில்லை. அன்று ஜெயித்தான். அதற்கப்புறம் அம்மா கையால் குங்குமம் வைத்துக் கொடுக்காமல் அவன் கிளம்பியதே இல்லை. ஜெயிக்க ஜெயிக்க எங்களுக்கு நம்பிக்கை ஏறியது. சாம்பியன் கோப்பையோடு குன்றத்தூர் முருகன் கோயில் மலையேறித் தேங்காய் உடைத்த அன்று மெக்கானிக் மட்டும் பிரசாதம் வாங்காமல் படியிலேயே நின்றார்.

அடுத்த முறை விழுந்தது பெரிய அடியே அல்ல. பயிற்சியில், மெதுவாகத் திரும்பும் வளைவில். அப்படி விழுந்தவர்கள் எழுந்து நடந்து வருவார்கள் என்றார்கள். அவன் எழவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மெக்கானிக் ஹெல்மெட்டின் உள் துணியை விலக்கி, என் விரலைப் பிடித்து வைத்தார். ஒரு பக்கம் மெத்தென்று இருந்தது. மறுபக்கம் கல் மாதிரி அமுங்கிக் கிடந்தது. "இது பழைய அடிதான் அக்கா. அப்பவே செத்துப்போச்சு இது." உள்ளே இருந்து வந்த மாமியார் அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். "உசுரு இருக்குதாம். ரெண்டாவது வாட்டியும் காப்பாத்திட்டான் முருகன்." அந்த முகத்தைப் பார்த்து, அந்த ஹெல்மெட்தான் அவனைக் கைவிட்டது என்று எப்படிச் சொல்வது?

ஊர் சும்மா இருக்கவில்லை. செய்வினை என்றார்கள், வேண்டுதல் பாக்கி என்றார்கள். நானும் சாமி கும்பிடுகிறவள்தான். விளக்கேற்றாமல் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. ஆனால் இதை முருகன் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை.

இன்று காலை ஹெல்மெட்டை மாடத்திலிருந்து இறக்கினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கொழுந்தன் திரும்பிப் பார்த்தான். அந்த அடிக்கப்புறம் நேற்று நடந்தது அவனுக்கு இன்று நினைவில் தங்காது. அம்மா இறந்துபோனதுகூடத் தங்கவில்லை. தூரத்தில் பந்தய இரைச்சல் கேட்டது. தலையை நீட்டிக் கேட்டான்: "அம்மா குங்குமம் வெச்சாங்களா அண்ணி?"

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது செய்வினையைச் சேர்க்காதீர்கள், ஹெல்மெட்டைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். நடந்தது நடந்தபடியே போகட்டும்.