கை நுழையாத சட்டை

இது நடந்த கதை. பொய்யே கலக்காத கதை. சரி, பால்காரர் தண்ணீர் கலக்கிற அளவுக்குக் கலந்திருப்பேன். அதற்காகப் பால் இல்லை என்றாகிவிடுமா? சலூனில் முறைக்காகக் காத்திருக்கிறவர்கள் கேளுங்கள். முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பூட்டுக்கடைக்காரரே, நீங்கள் சிரிக்காமல் கேளுங்கள். சிரித்தால் கத்தி பட்டுவிடும்.

தையலக்காவை எல்லாருக்கும் தெரியும். ராணுவ முகாம் வாசலுக்கு எதிர்க்கடை. ஒரு ஆள் உள்ளே போக வேண்டுமென்றால் ஒரு ஆள் வெளியே வர வேண்டும், அவ்வளவு பெரிய கடை. நாடு மட்டும் என்ன வாழ்ந்தது? கிழக்கே ஒருவன் தும்மினால் மேற்கே இருப்பவன் முகத்தைத் துடைத்துக்கொள்வான். பக்கத்து நாடோ பெரிசு. அது காலை நீட்டிப் படுத்தாலே நம்மேல் படும்.

ஒருமுறை நீட்டியும் பார்த்தது. அப்போது அக்கா இடுப்பில் கைக்குழந்தை. பாலத்தில் காவல் நின்ற அவள் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. நல்லவேளையாக, நம்மைப் போன்ற குட்டி நாடுகள் நாலைந்து ஒன்றுசேர்ந்து முன்பே ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தன. ஒருத்தன்மேல் கை வைத்தால் எல்லார்மேலும் வைத்த மாதிரி. சொன்னபடி வந்தார்கள், பெரிசும் காலை மடக்கிக்கொண்டது.

வந்தவர்களில் ஒருவன் தோள் கிழிந்த சட்டையை அக்காவிடம் கொடுத்து, நாளைக்கு வருகிறேன் என்று சைகை காட்டினான். அவள் தைத்து வைத்தாள். அவன் வரவேயில்லை. அந்தச் சட்டை இன்னும் கடை ஆணியில் தொங்குகிறது. அவ்வப்போது எடுத்துத் தூசி தட்டுவாள், திரும்ப மாட்டுவாள். அழுது மட்டும் யாரும் பார்த்ததில்லை. வெங்காயமே அவளிடம் தோற்றுப்போய்த் தானே அழுததாகக் கேள்வி.

போன மழைக்காலத்தில் ஒப்பந்தத்தில் உள்ள இன்னொரு குட்டி நாட்டுக்குள் அதன் பக்கத்துப் பெரிசு புகுந்தது. உதவிக்குப் போக இப்போது நம் முறை. அன்றைய கைக்குழந்தை இன்று கதவு நிலையில் தலை இடிக்கிற ராணுவக்காரன். போகிற எல்லாருக்கும் வலது சட்டைக்கையில் கூட்டணிச் சின்னம் தைக்க வேண்டும். சட்டை மூட்டையை அவனே தூக்கிக்கொண்டு வந்தான்.

"இதுல உன்னோடதும் இருக்காடா?"

"இருக்கும்மா."

"ம்."

"என்னம்மா 'ம்'? ஏதாவது சொல்லேன்."

"இடுப்புல தொளதொளன்னு இருக்கே, புடிச்சுத் தைக்கவா?"

"நான் சண்டைக்குப் போறேங்கிறேன், நீ இடுப்பப் பத்திப் பேசுற."

"போகாதன்னா நிப்பியா?"

அவன் ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்தான். "அவன் அம்மா அப்படிச் சொல்லியிருந்தா, இன்னைக்கு நமக்குன்னு ஒரு நாடு இருக்குமா?"

"அதான் நானும் சொல்லல."

சட்டைக்கையில் சின்னம் தைப்பதில் ஒரு சங்கதி உண்டு. கைக்குள்ளே விரலை விட்டு அடித்துணியை ஒதுக்கிக்கொண்டுதான் மெஷினை மிதிக்க வேண்டும். மறந்தால் இரண்டு துணியும் சேர்ந்து தைபட்டு, கை போகிற வழி அடைபட்டுவிடும். தொழில் பழகுகிறவர்கள் முதல் வாரத்தில் செய்கிற தப்பு. அக்கா தூங்கிக்கொண்டே தைத்தாலும் அது வராது. அன்று சட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன, உச்சியில் மேகம் மோதியது. நடுவில் ஊசி விரலில் ஏறியது. அவளுக்கு உறைக்கவில்லை. துணியில் சிவப்புப் பொட்டைப் பார்த்துவிட்டு, யாருடைய ரத்தம் இது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

மறுநாள் காலை எல்லாரும் வரிசையில் நின்றார்கள். மகன் சட்டையை மாட்டினான். இடது கை போனது. வலது கை பாதியில் முட்டி நின்றது.

"என்னய்யா, ஒத்தக் கையோட சண்டைக்குப் போறியா?" என்றார் கேப்டன்.

"உள்ள அடைச்சிருக்குங்கய்யா."

வரிசையே சிரித்தது. அத்தனை சட்டையில் அவன் சட்டை ஒன்றுதான் அப்படி. கேப்டன் அவனைக் கூட்டிக்கொண்டு எதிர்க்கடைக்கு வந்தார். பின்னாலேயே மாற்று ஆளாக வைத்திருந்த பையனும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"என்னம்மா இது?"

"தப்பாத் தச்சுட்டேன். நாளைக்கு வாங்க, பிரிச்சுத் தரேன்."

"வண்டி இப்பக் கிளம்புது." கேப்டன் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு இருக்கிறது ஒரே புள்ள. நிக்கட்டும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மாத்து ஆள் இருக்கான், இவன விட்டுடறேன்."

அக்கா மகனைப் பார்த்தாள். மாற்று ஆளைப் பார்த்தாள், அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அப்புறம் சட்டையை வாங்கி மடியில் போட்டு, கத்தரி முனையால் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சின்னத்தைத் திரும்ப வைத்து, இந்தத் தடவை விரலை உள்ளே விட்டு, சரியாகத் தைத்தாள். சட்டைக்கையின் பின்பக்கம் பழைய ஊசித்துளைகள் வரிசையாக நின்றன.

"துவைச்சா மூடிக்கும்" என்றாள்.

வண்டி போனது. அவள் அடுத்த துணியை எடுத்தாள், யாருடைய பாவாடைக்கோ நாடா கோக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான். அவனிடமிருந்து இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

"வேணும்னேதான் தச்சிருக்கா" என்றார் காத்திருந்த டாக்ஸிக்காரர். "பெத்த வயிறுய்யா."

"ஊசி குத்துனதே தெரியாத கைக்கு வேணும்னு வேற தெரியுமா?" என்றார் கத்தி பிடித்திருந்த சலூன்காரர். "மரத்துப் போயிருக்கு, அவ்வளவுதான்."

பூட்டுக்கடைக்காரர் கழுத்துத் துணியோடு எழுந்தார். பாதி முகத்தில் நுரை. "மாத்து ஆளா நின்னது என் தம்பிய்யா! அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன்தானே போயிருப்பான்? அதுக்குத்தானே தச்சா?"

"உன் தம்பிதான் வீட்டுல சோறு தின்னுட்டு இருக்கானே, அப்புறம் என்ன குதிக்கிற?" என்றார் டாக்ஸிக்காரர்.

"போகமாட்டேன்னு அவன் சொன்னானா? சொன்னானாய்யா?"

"ஆளாளுக்கு நின்னுட்டா நாளைக்கு நமக்கு எவன்டா வருவான்?"

"ஒக்காருய்யா, கத்தி படும்!"

"படட்டும்! யாரப் பார்த்து டா போடுற நீ?"