இலை தர மறுத்தவள்

அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். தாராவியில் ஒரு தோல் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இரண்டாம் வருடம். ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவிக்கு மஞ்சள் காமாலை கண்டது.

"சயான் ஸ்டேஷன் வாசல்ல ஒரு மலைக்காரி இலை விக்கா. மூணு நாள்ல எறங்கிரும்" என்றார் பக்கத்து அறை அண்ணாச்சி. அவர் மகனுக்கு அப்படித்தான் குணமானதாம். ஆஸ்பத்திரி என்றாலே எங்களுக்குப் பயம். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஓடினேன்.

அவள் கர்ஜத் பக்கத்து மலைகளில் வாழும் தாக்கர் ஆதிவாசிப் பெண். முப்பது வயதிருக்கும். ஈரச்சாக்கில் வேரும் கொடியும் பரப்பியிருந்தாள். அரைகுறை இந்தியில் காமாலை என்று சொன்னதும் ஒரு கட்டு இலையை எடுத்தாள். பிறகு கேள்விகள். எத்தனை நாளாகிறது, பகலெல்லாம் தூங்குகிறாளா, பேச்சு தடுமாறுகிறதா. நேற்றிலிருந்து ஏதோ உளறுகிறாள், மாசமாக வேறு இருக்கிறாள் என்றேன். எடுத்த கட்டைத் திரும்ப வைத்துவிட்டாள். இலை தரமாட்டேன், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இலை விற்க வந்தவளுக்கு டாக்டர் வேலை எதற்கு என்று கத்தினேன். அவள் சாக்கைச் சுருட்டிப் பக்கத்துப் பூக்காரியிடம் கொடுத்துவிட்டு என்னோடு கிளம்பினாள்.

அறைக்குள் நுழைந்த என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாள் மனைவி. அந்தப் பெண்தான் அவளைத் தோள் கொடுத்துத் தூக்கினாள். அண்ணாச்சி கைவண்டி கொண்டுவந்தார். கொட்டும் மழையில் மூவரும் தள்ளிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

சாயங்காலம் வரை அவள் வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்தாள். தன் தங்கைக்கும் இப்படித்தான் வந்தது, வயிற்றில் பிள்ளையோடு, என்று மெதுவாகச் சொன்னாள்.

"அந்த இலையைத்தான் குடுத்தேன். குணமாயிடும்னு காத்திருந்தேன். காத்திருந்ததுதான் தப்பு."

எங்கள் குழந்தை பிழைக்கவில்லை. மனைவி பிழைத்தாள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் அவளும் இருந்திருக்கமாட்டாள் என்றார் டாக்டர்.

அந்த இலைக்காரியிடம் மன்னிப்புக் கேட்க ஸ்டேஷன் வாசலுக்குப் போனேன். அவள் என்னைப் பேசவே விடவில்லை. மனைவி சாப்பிடுகிறாளா, அழுகிறாளா என்று மட்டும் விசாரித்தாள். அழட்டும், தடுக்காதே என்றாள்.

தன் மருந்து எதுவரை கேட்கும் என்பதை ஒரு சாவைக் கொடுத்துத் தெரிந்துகொண்டவளிடம் அன்று நான் கத்திய சொற்கள், இத்தனை வருடம் கழித்தும் என்னைத் தலைகுனிய வைக்கின்றன.