எல்லார் வசனமும் தெரிந்தவள்

டிவி சீரியலில் ஒரு நடிகர் கண்ணீரும் கம்பலையுமாக அரைப் பக்க வசனம் பேசுவதைப் பார்த்து, "எப்படித்தான் மனப்பாடம் பண்ணாரோ!" என்று நீங்கள் வாயைப் பிளந்திருக்கலாம். பிளந்த வாயை மூடிக்கொள்ளுங்கள். மனப்பாடமாவது மண்ணாங்கட்டியாவது! வசனப் பேப்பரே அன்று காலையில்தான் வந்து சேரும். காமிராவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்று வரிவரியாகச் சொல்லிக் கொடுக்க, அதைக் காதில் வாங்கி நடிகர் திருப்பிச் சொல்வார். குரலைப் பிறகு டப்பிங்கில் சேர்த்துக்கொள்வார்கள். இப்படிச் சொல்லிக் கொடுப்பதற்கு ப்ராம்ப்டிங் என்று பெயர். நம் கதாநாயகிக்கு அதுதான் வேலையாக இருந்தது.

அவளை எல்லோரும் மைக் என்று கூப்பிட்டார்கள். அவள் மெதுவாகச் சொன்னாலே பக்கத்து செட்டில் ஷூட்டிங் நிற்கும் என்பது மேக்கப்காரர் கட்டிவிட்ட கதை. அப்படியெல்லாம் ஒருமுறைகூட நடக்கவில்லை. ஆனால் கேட்டவர்கள் நம்பிவிட்டார்கள், பெயரும் ஒட்டிக்கொண்டது.

வந்தது என்னவோ நடிக்கத்தான். பக்கத்து வீட்டுப் பெண் வேடத்துக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, இருந்ததிலேயே நல்ல உடையாகப் போட்டுக்கொண்டு போய் நின்றாள். அப்போதைய டைரக்டர், வெயிலே எட்டிப் பார்க்காத அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பவர், அதனால் கூலிங்கிளாஸ் என்று பெயர் வாங்கியவர், அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"முகம் பரவாயில்ல. ஆனா பக்கத்து வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கியேம்மா."

"பக்கத்து வீட்டுப் பொண்ணுதானே சார் கேட்டிருந்தீங்க?"

"அதுக்கும் ஒரு பளபளப்பு வேணும்மா. குரல் கணீர்னு இருக்கு. இந்தா, இந்தப் பேப்பரைப் பிடி."

பிடித்த பேப்பரை அவள் கீழே வைக்கவே இல்லை. வருடக்கணக்கில் மாமியாருக்கு மாமியாராகவும், வில்லனுக்கு வில்லனாகவும், செத்துப்போகிற தாத்தாவுக்குக் கடைசி மூச்சாகவும் வசனம் சொன்னாள். அவள் வாயில் வராத வார்த்தை இல்லை. படத்தில்தான் அவள் இல்லை. வீட்டில் அம்மா மட்டும் தினமும் சீரியல் முடிந்ததும் ஓடுகிற பெயர்களுக்காக எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பாள். மகள் பெயர் வருவதற்குள் விளம்பரம் வந்துவிடும். "இவனுங்களுக்கு என்னதான் அவசரமோ!" என்று டிவியைத் திட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவாள்.

அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. செப்புக் கம்பியும் வார்னிஷ் வாடையுமாக வீட்டுக்கு வருபவர், கை கழுவுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவார். "நான் ஒருத்தன் இருக்கறதாலதான் இந்தக் குடும்பம் நிமிர்ந்து நிக்குது." இதைச் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. நல்ல மனிதர்தான். அது வேறு விஷயம்.

மைக் செய்த முதல் திருட்டு யாருக்கும் தெரியாமல் நடந்தது. "என் இதயம் சுக்குநூறாக உடைந்துவிட்டது" என்று பேப்பரில் இருந்தது. எந்த வீட்டில் எந்தப் பெண் இப்படிப் பேசுகிறாள், சொல்லுங்கள்! அவள் அதை, "போதும்டா சாமி, என்னால முடியல" என்று மாற்றிச் சொல்லிக் கொடுத்தாள். நடிகையும் அப்படியே பேசிவிட்டுப் போனாள். ஒருவரும் கவனிக்கவில்லை. ருசி கண்டுவிட்டாள் இல்லையா, அன்று தொடங்கி நாளுக்கு இரண்டு வரி, மூன்று வரி என்று கை வைக்க ஆரம்பித்தாள்.

கடைசியில் கதாசிரியர் கண்டுபிடித்துவிட்டார். நேரே செட்டுக்கு வந்து, "என் வசனத்துல யாரு கை வச்சது?" என்று கேட்டார். மைக் பேப்பரை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "நான்தான் சார்" என்றாள். அவர் அவளை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், "காலையில எடுக்கற சீனை இனிமே நீயே எழுதிடேன். எனக்கு மூணு சீரியல் ஓடுது, தூக்கமே இல்ல" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட அவள் அவ்வளவு ஆடிப்போயிருக்க மாட்டாள்.

இப்படியாக அவள் எழுத்துக்காரி ஆனாள். ஆனால் அவளுக்கு வேண்டியது டைரக்டர் நாற்காலி. அரைத்த மாவையே அரைக்காமல், வீட்டில் இருப்பவர்கள் வீட்டில் பேசுவது மாதிரியே பேசுகிற சீரியல் ஒன்றை எடுக்க வேண்டும். எழுதி மட்டும் கொடுத்தால், எடுக்கிறவர் அதையும் மாவாக்கிவிடுவார். இது அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

கதவு திடீரென்றுதான் திறந்தது. மத்தியானம் ஓடிக்கொண்டிருந்த ஒரு சீரியல் பாதியில் படுத்துவிட்டது. தயாரிப்பாளரான முதலாளியம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, மைக் தன் கதையைச் சொன்னாள். கல்யாணமாகாத மூத்த மகள் ஒருத்தி. சம்பாதிப்பவள் அவள்தான். ஆனாலும் வேலையை விட்டு வீட்டில் இருக்கிற அப்பா தினமும் அவளிடம், தன்னால்தான் குடும்பமே நிற்கிறது என்று பேசித் தீர்ப்பார். முதலாளியம்மா கேட்டுவிட்டு, "இதுல சண்டை எங்கடி இருக்கு?" என்றாள்.

"சாப்பாட்டு மேசையில இருக்கும்மா."

"உங்க வீட்டுக் கதையா?"

"உங்க வீட்ல இல்லையா?"

முதலாளியம்மா சிரித்துவிட்டாள். நாற்காலி கிடைத்துவிட்டது. அப்பாவாக நடிக்க, எல்லா சீரியலிலும் குடும்பத் தலைவராகவே வந்து வந்து செட்டில் எல்லோருக்கும் பெரியப்பா ஆகிவிட்ட மூத்த நடிகர் ஒத்துக்கொண்டார். ஷூட்டிங் தொடங்குகிற வேளையில், மூத்த மகளாக நடிக்க இருந்த நடிகை பெரிய கம்பெனிப் படம் வந்ததென்று கம்பி நீட்டிவிட்டாள். வேறு ஆளைத் தேட நேரமில்லை. "நீயே பண்ணிடு. உனக்குத்தான் எல்லா வசனமும் தெரியுமே" என்றாள் முதலாளியம்மா. எழுத்து அவள், இயக்கம் அவள், நடிப்பும் அவள். அம்மாவிடம் சொன்னபோது அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "மூணு தடவை பேர் வருமா? அப்ப ஒரு தடவையாவது கண்ணுல பட்டுடும்" என்றாள்.

முதல் சில நாள் ஷூட்டிங் அமர்க்களமாகப் போயிற்று. ஒரே ஒரு தொல்லை. ப்ராம்ப்டிங்குக்கு வந்த புது அசிஸ்டென்ட் வசனத்தைச் சும்மா சொல்ல மாட்டார், நடித்தே காட்டுவார். சோகக் காட்சியில் பெரியப்பா அழுவதற்கு முன்னால் இவர் விக்கி விக்கி அழுவார். "தம்பி, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைப்பா" என்று பெரியப்பா கெஞ்ச வேண்டியதாயிற்று.

எடுத்ததைப் போட்டுப் பார்க்க எடிட்டர் அறைக்குப் போனாள். உள்ளே சேனல் சார் உட்கார்ந்திருந்தார். எந்த சீரியல் ஓடலாம், எது கூடாது என்று சேனலில் முடிவு செய்கிறவர் அவர்தான். கூடவே, பெரிய மனிதர் மாதிரி கால்மேல் கால் போட்டுக்கொண்டு கூலிங்கிளாஸ். மைக்குக்கு அப்போதே மூக்கில் வேர்த்தது.

படம் ஓடியது. திரையில் பெரியப்பா, "நான் ஒருத்தன் இருக்கறதாலதான்..." என்று முழங்குகிறார். எதிரே நிற்கும் மைக்கின் உதடும் அசைகிறது. அவர் என்ன சொல்கிறாரோ, அதையே அவள் உதடும் சத்தமில்லாமல் சொல்கிறது. அடுத்த காட்சி. அதிலும் அப்படியே. தங்கையாக நடிப்பவள் பேசினாலும் இவள் உதடு அசைகிறது, வாசலில் வந்து நிற்கிற பால்காரர் பேசினாலும் அசைகிறது. நடிகர் வரியை விடுகிறாரா என்று பார்க்கக் கூடவே வாயசைத்து வாயசைத்து வந்த பழக்கம்! ஒன்று விடாமல் எல்லாக் காட்சியிலும் அசைந்து தொலைத்திருந்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

"ஒரே ஆளு மூணு வேலை பார்த்தா இப்படித்தான்" என்றார் சேனல் சார். "யாராவது பார்த்துச் சொல்லியிருக்கணும். சொல்ல வேண்டிய டைரக்டரே அங்க நின்னு வாயை அசைச்சிட்டிருக்கே. எழுதும்மா, நடிம்மா, வேண்டாங்கல. டைரக்‌ஷனை சார் பார்த்துக்கட்டும்."

"நான் பார்த்துக்கறேன்" என்றார் கூலிங்கிளாஸ், ஏதோ பெரிய மனசு பண்ணுகிறவர் போல.

மைக்குக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதே நேரம் பக்கத்தில் புர்ரென்று ஒரு சத்தம். எடிட்டர் அண்ணன் குடித்த டீயைக் கீபோர்டிலேயே துப்பியிருந்தார். "மன்னிச்சுக்கோம்மா, சிரிப்பை அடக்க முடியல. அந்த ஆளு திட்டத் திட்ட நீ வாயசைக்கறே பாரு... எங்க வீட்ல என் பொண்ணு என்னை இப்படித்தான் பண்ணுவா" என்றார், கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டே.

அவளுக்கு அழுகை நின்றுவிட்டது. இன்னொரு முறை ஓட்டச் சொன்னாள். அட, ஆமாம்! திரையில் ப்ராம்ப்டர் இல்லை. அப்பா பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன ஒரு மகள் நிற்கிறாள்.

"சார், நாளைக்கு ஒரு நாள் மட்டும் செட்டுக்கு வாங்க" என்றாள் சேனல் சாரிடம். "ஒரு சீன் எடுக்கறேன். பார்த்துட்டு, பிடிக்கலேன்னா அங்கேயே நாற்காலியைக் கொடுத்துடறேன்."

"வாங்கிக்கறதுக்கு இவரையும் கூட்டிட்டு வரேன்" என்றார் சேனல் சார்.

அன்று சாயங்காலமே வீட்டில் உட்கார்ந்து எழுதினாள். மகளின் உதடு அசைவதைத் தங்கை கண்டுபிடித்துச் சிரிக்கிற ஒரு காட்சி. அதற்குப் பிறகு பெரிய காட்சி. அப்பா திட்டிக்கொண்டிருக்கும்போது பாதியில் வார்த்தை மறந்து நிற்பார். மகள் சத்தமாகவே அந்த வரியை முடித்து வைப்பாள். அவர் அவமானம் தாங்காமல், "வாயை மூடு!" என்று கத்திவிட்டு வெளியே போய்விடுவார். உள்ளறையில் நிஜ அப்பா அம்மாவிடம் குடும்பம் நிமிர்ந்து நிற்கிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வசனத்துக்குச் சம்பளம் என்று வந்தால் பாதி அவருக்குத்தான் போக வேண்டும்.

மறுநாள் செட்டில் காமிராவுக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்டு இருவரையும் உட்கார வைத்தாள். தங்கை சிரிக்கிற காட்சி முதல் டேக்கிலேயே முடிந்தது. லைட் பிடிப்பவர்கள்வரை சிரித்தார்கள். சேனல் சார் மட்டும், "இது சும்மா காமெடிதானே" என்றார். சரிதான், காமெடியால் மட்டும் நாற்காலி நிலைக்காது என்று அவளுக்கும் தெரியும்.

பெரிய காட்சி. சாப்பாட்டு மேசை. பெரியப்பா எழுந்து நின்று விரலை நீட்டினார்.

"நான் ஒருத்தன் இருக்கறதாலதான் இந்தக் குடும்பம்..."

பேப்பரில் இருந்தபடியே நிறுத்தினார். மைக் அவர் கண்ணைப் பார்த்து, "நிமிர்ந்து நிக்குதுப்பா" என்றாள். ஆத்திரமாகச் சொல்லத்தான் நினைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது எப்படியோ பரிவாக வந்துவிட்டது.

அடுத்து அவர், "வாயை மூடு!" என்று கத்த வேண்டும். கத்தவில்லை. அசிஸ்டென்ட் வரியை எடுத்துக் கொடுத்தார். அது பெரியப்பாவின் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. வயதானவர், மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு அவளையே பார்த்தபடி நின்றார். மறந்துவிட்டாரா, உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா, ஒன்றும் புரியவில்லை. அசிஸ்டென்ட் மறுபடி வாயைத் திறக்கப் போனார். மேசைக்கு அடியில், காமிராவில் படாமல், மைக் அவருக்கு வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

வரி அவள் நாக்கு நுனியில் நின்றது. இத்தனை வருடம் ஒருவர் வாய் நின்றால் தன் வாயைத் திறந்தே பழகியவள். பின்னாலிருந்து கூலிங்கிளாஸ், "கட் பண்ணும்மா, ஆளு முழிக்கறாரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது அவளுக்கும் கேட்டது. இந்த ஷாட் போனால் நாற்காலியும் போயிற்று. அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டு பெரியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா மெல்ல உட்கார்ந்தார்.

"நான் பேசறது உனக்கு மனப்பாடமே ஆயிடுச்சாம்மா?" என்றார். "அத்தனை தடவையா சொல்லிட்டேன்?"

அந்த வரி எந்தப் பேப்பரிலும் இல்லை. மைக் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். காமிராக்காரர் கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். பெரியப்பா சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் அவள், "கட்" என்றாள்.

யாரும் கைதட்டவில்லை. அசிஸ்டென்ட் மட்டும் வழக்கம்போல விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தார். இந்த முறை யாரும் அவரைக் கேலி செய்யவில்லை.

சேனல் சார் எழுந்து வந்தார். கையில் வசனப் பேப்பர். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடைசி வசனம் இதுல இல்லையே. எப்ப எழுதினே?"

"நான் எழுதல சார். பெரியப்பாவே சொன்னது."

"அப்ப நீ என்னதான் பண்ணே?"

"கட் சொல்லல சார்."

சேனல் சார் கூலிங்கிளாஸ் பக்கம் திரும்பினார். அந்த நாற்காலி காலியாக இருந்தது. வாசலில் அவர் டிரைவரைப் பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"சரிங்க டைரக்டர்" என்றார் சேனல் சார். "அடுத்து என்ன எடுக்கறீங்க?"