முன்னால் இரண்டு புது டயர்

வீரமலை ராணுவத்தில் பதினேழு வருடம் லாரி ஓட்டினார். லடாக்கிலிருந்து அவர் எழுதிய கடிதங்களுக்கு ஜீயபுரத்திலிருந்து போன பதில்களில் ஒரு வரி மட்டும் மாறாது: "என்னைய ஒரு நாள் அந்த வண்டியில ஏத்திக்கிட்டுப் போவீங்களா?" எழுதியவர் அவர் மனைவி ராசாத்தி. லீவில் வருகிறவருடன் லாரி வருமா? ஓய்வு பெற்று மன்னார்புரத்தில் பட்டறை போட்ட பிறகு ராசாத்தி கேட்பதை விட்டுவிட்டார். மறந்ததால் அல்ல. நான் பட்டறைக்கு எதிர் வீடு. இதெல்லாம் ராசாத்தி சொல்லித்தான் தெரியும்.

போன வருடம் அப்படி ஒரு லாரி பட்டறை வாசலுக்கே வந்தது. வாழைத்தார் வியாபாரி கலீம் ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ வண்டி. சேற்றில் நான்கு சக்கரமும் இழுக்கும். இப்போதோ யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல முக்கிக்கொண்டு வந்தது. ஸ்டியரிங் கனத்தது. முன் சக்கரங்களுக்கு இழுவை கொடுக்கும் லீவர் மாட்டியது மாட்டியபடி நின்றது, எடுக்க முடியவில்லை.

"இன்னொரு பட்டறையில கியர்பாக்ஸைப் பிரிக்கணும்னுட்டாங்க, மிலிட்டரி," என்றார் கலீம். "அதுக்குப் பதிலா வண்டியை நாளைக்கே உடைக்கக் கொடுத்துடலாம்னு இருக்கேன்."

"சாயங்காலம் வரைக்கும் விட்டுட்டுப் போங்க பாய்."

வீரமலை கியர்பாக்ஸ் பக்கமே போகவில்லை. ஒரு நூலை எடுத்து முன் டயரைச் சுற்றி அளந்தார். அதே நூலைப் பின் டயரில் சுற்றினார். முன் டயர் நாலு விரல் கூட இருந்தது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான், அதுவும் மெக்கானிக்கல். நூலை எடுக்க எனக்குத் தோன்றியிருக்காது.

"புது டயர் எப்ப போட்டே?" என்று கலீமின் டிரைவர் பிச்சமுத்துவைக் கேட்டார்.

"ஆயுத பூஜைக்குண்ணே. முன்னாடி ரெண்டு மட்டும். மாலை போடுற பக்கம் பளிச்சுனு இருக்கட்டுமேன்னு."

"மூஞ்சிக்குப் பவுடர் போட்டுட்டு, காலுக்கு ஜோடி மாத்தி செருப்பு மாட்டிருக்க. சேத்துலேர்ந்து ரோட்டுக்கு ஏறினதும் லீவரை எடுத்தியா?"

பிச்சமுத்து தலையைச் சொறிந்தார்.

பெரிய டயரும் தேய்ந்த டயரும் ஒரே வேகத்தில் சுற்றினால் ஒன்று முந்தப் பார்க்கும். சேற்றில் சக்கரம் வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க வழியில்லை. முறுக்கெல்லாம் உள்ளேயே ஏறி லீவரைக் கவ்விக்கொண்டது.

பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினார். தரையை விட்டதும் அது வெடுக்கென்று தானாகச் சுற்றி நின்றது. பிறகு லீவர் ஒரு விரலுக்கு வந்தது.

சாயங்காலம் வந்த கலீம் லீவரை மூன்று முறை போட்டு எடுத்துப் பார்த்தார். "உங்களுக்கு என்ன செய்யணும், சொல்லுங்க."

"நாலும் ஒரே அளவு டயரா போடுங்க. அப்புறம்... ஸ்ரீரங்கம் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வரேன் பாய்."

ராசாத்திக்கு முழங்கால் வலி. பழப்பெட்டி ஒன்றைப் படியாகப் போட்டு வண்டியில் ஏற்றிவிட்டார் வீரமலை.

"இம்புட்டு உசரத்துலயா இருந்தீங்க?"

காவிரிப் பாலத்தில் இன்ஜின் சத்தத்தில் பேச்சு எடுபடவில்லை. ஸ்ரீரங்கத்தில் வண்டி மெதுவானதும் ராசாத்தி கேட்டார்.

"அங்க லடாக்குல இந்த சீட்டுல யாரு உக்காருவா?"

"கூட இன்னொரு டிரைவர் வருவான். பாதி நேரம் தூங்குவான்."

ராசாத்தி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் தூங்கியிருக்க மாட்டேன்."

வண்டியைத் திருப்ப வேண்டிய இடம் வந்தது. வீரமலை திருப்பவில்லை.