மாப்பிள்ளை ஓட்டிவந்த லொறி

கட்டுகஸ்தோட்டையில் பழைய லொறிகளின் ஸ்டியரிங் பழுதுபார்ப்பவர் நிஸ்தார் நானா. போர்க்காலத்தில் ஒரு காலை, கலியாண வீட்டாரை ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளையே ஓட்டிவந்த லொறி அவர் வாசலில் நின்றது. ஊரடங்குக்கு முன் மாத்தளையில் தாலி கட்ட வேண்டும். ஸ்டியரிங்கை எவ்வளவு வளைத்தாலும் முன்சில்லுகளோ இறுகித் திரும்ப மறுத்தன.

“நான் ஒழுங்கா கிரீஸ் அடிக்கிறனான், நானா,” என்றான் மாப்பிள்ளை குகனேசன்.

“சில்லு நெலத்துல நிக்கக்குள்ளயா? பாரம் அமுக்கினா கிரீஸ் எப்படி உள்ளுக்குப் போகும்? எல்லாரையும் எறங்கச் சொல்லுங்க.”

லொறியின் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, மண்ணெண்ணெய் விட்டுத் தட்டி, கிரீஸ் ஏற்றினார் நானா. பழைய அழுக்கு பிதுங்கி வழிந்தது. சில்லு ஒரு கைக்கே திரும்பியது, பெண்கள் கைதட்டினார்கள்.

“வழியில திரும்ப இறுகினா? நீங்களும் வாங்கோ, நானா.”

“நான் செஞ்சது இறுகவா? சாப்பாட்டுக்குத்தான் வாறேன்!”

ஊரடங்கில் அன்றிரவு வீடு திரும்ப முடியாதென்று தெரிந்தும், கையைக் கழுவிக்கொண்டு மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார் நானா.