மேகம் இறங்கிய நாளின் வெயில்

என் மனைவியின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் நான் தொட ஆரம்பித்தது கல்யாணமாகி இருபத்தொரு வருடம் கழித்து. அதுவும் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்ததால்.

கொடைக்கானலிலிருந்து மேற்கே பேருந்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் எங்கள் ஊர் வந்துவிடும். படிப்படியாக இறங்கும் தோட்டங்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். வருடத்தில் பாதி நாள் மேகம் வாசலில் வந்து நிற்கும். கதவைத் திறந்தால் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து அடுப்படி வரை போகும். இங்கே பிறந்து வளர்ந்த எங்களுக்கு வெயில் என்றால் முதுகைக் காட்டிக்கொண்டு காய்வதற்கு ஒரு சுகம், அவ்வளவுதான். அதைத் திட்டுகிறவர்கள் கீழே பழனியிலும் திண்டுக்கல்லிலும் இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

அவளுக்கு முதலில் விரல் மூட்டுகள் வீங்கின. பிறகு இரண்டு கன்னங்களிலும் மூக்குத் தண்டின் மேலுமாக ஒரு சிவப்பு படர்ந்தது. மதுரைக்கு அழைத்துப் போனேன். நம் உடம்பைக் காக்க வேண்டியதே நம் உடம்பைத் தாக்குகிற நோய் இது, லூபஸ் என்று பெயர் என்றார் டாக்டரம்மா. வெயில் பட்டால் எகிறும், விட்டால் சிறுநீரகம் வரைக்கும் போகும் என்றார்.

"மலை மேல வெயில் இன்னும் மோசம். குளுகுளுன்னு இருக்கிறதால சுடுறது உங்களுக்குத் தெரியாது. ஒண்ணு, வீட்டுக்குள்ள இருக்கணும். இல்லைன்னா சன்ஸ்கிரீனை ஒழுங்கா, தினமும் போடணும்."

வீட்டுக்குள் இரு என்பது அவளுக்குத் தண்டனை. புடவைக்கு மேல் என் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, வெள்ளனே எனக்கு முன்னால் தோட்டத்தில் நிற்கிறவள் அவள். பூண்டுப் பாத்திகளுக்கு நடுவே குனிந்து களையெடுக்கும்போது அவளுக்கு வேறு உலகம் தேவையில்லை. சொல்லப்போனால் நானே தேவையில்லை. திரும்பி வரும் பேருந்தில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "கிரீமைப் போட்டா தோட்டத்துக்குப் போகலாம்ல?"

நான் முதலில் வாங்கி வந்தது வாசனை கமகமக்கும் ஒரு சிவப்பழகு கிரீம். டாக்டர் சீட்டைப் படிக்காமல், அட்டையில் சூரியன் படம் போட்டிருந்ததைப் பார்த்து எடுத்துவிட்டேன். அவள் கன்னம் எரிந்து கண்ணில் தண்ணீர் வந்தது. மறுபடி கொடைக்கானலுக்குப் போய், சீட்டை மேசையில் விரித்து வைத்து வரி வரியாகக் கேட்டு வாங்கினேன். எஸ்.பி.எஃப். எண் ஐம்பது. வெயிலின் இரண்டு வகைக் கதிரையும் தடுப்பது. வாசனை கூடாது. இந்த முறை கிடைத்தது கெட்டியாக, சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் கொஞ்சம் வெள்ளை தங்கியது.

அவள் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். "திருநீறு பூசுன சாமியார் கணக்கா இருக்கேன்."

காலையில் அவள் விரல்கள் மடங்காது. டியூபை அழுத்தவும் முடியாது, பின்கழுத்துக்குக் கையைக் கொண்டுபோகவும் முடியாது. இரண்டு வீடு தள்ளி இருக்கும் அவள் தங்கச்சி, தான் வந்து தடவி விடுவதாகச் சொன்னாள். எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. எனக்கு எதற்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

வீம்புக்குச் சொல்லிவிட்டேனே தவிர, மறுநாள் காலையில் ஸ்டூலில் அவளை உட்கார வைத்து எதிரே நின்றபோது கை கூசியது. நெற்றியில் ஒரு பொட்டு, கன்னத்துக்கு ஒரு பொட்டு, தாடையில் ஒன்று. முடிந்தது என்று டியூபை மூடினேன். அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"உருளைக்கு மருந்து அடிக்கும்போது இப்படித்தான் அடிப்பீங்களோ?"

அவளுக்கு என்னை எங்கே தட்ட வேண்டும் என்று தெரியும். மருந்து அடிப்பதில் எங்கள் ஊரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அளவு குறைக்க மாட்டேன். நோய் வருவதற்கு முன்பே அடிப்பேன். இலையின் அடிப்பக்கம் நனையாமல் அடுத்த செடிக்குப் போக மாட்டேன். மழை கழுவிவிட்டால் மறுபடி டேங்கைத் தோளில் மாட்டுவேன். டியூபைத் திரும்பத் திறந்தேன். டாக்டரம்மா சொன்னபடி இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்தேன்.

அன்றிலிருந்து அந்தக் காலைகள் எப்படிப் போயின என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்பு அவள் ஸ்டூலில் வந்து உட்காருவாள், கண்ணை மூடிக்கொள்வாள். ஜன்னலில் வெளிச்சம் பால் மாதிரி இருக்கும். நெற்றி, இமை, மூக்கின் இரு புறம், காது மடல், காதுக்குப் பின்னால். குனிந்து வேலை செய்கிறவளுக்கு வெயில் விழுவது பின்கழுத்தில்தான், அங்கே இன்னொரு பங்கு. பிறகு புறங்கைகள். அவள் இடது புருவத்துக்குள் ஒரு சின்னத் தழும்பு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சமயத்தில் அவள் அப்படியே தூங்கிவிடுவாள். நான் கையை எடுக்காமல் நின்றிருப்பேன். வெளியே எங்கோ ஜீப் ஒன்று இரைந்துகொண்டு மேடேறும், பிறகு சத்தம் தேய்ந்துபோகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வரப்பில் உட்கார்த்தி மறுபடி தடவுவேன். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டேன். நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஆடியில் ஒரு வாரம் மேகம் தரையை விட்டு எழும்பவே இல்லை. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. உருளைக்கிழங்குக்குக் கருகல் நோய் வருவது இந்த மாதிரி நாளில்தான். எனக்குப் பதற்றம். அவள் வழக்கம்போல ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு வேணாம் புள்ள. வெயிலே இல்ல. வெரசா கெளம்பு, மருந்து அடிக்கிற சோலி கெடக்கு."

"தினமும்னு சொன்னாங்களே?"

"சொன்னாக் கேளு!"

அவள் எழுந்து வந்துவிட்டாள். நான்கு நாள் அப்படியே போனது. நான்கு நாளும் நான் மேகத்துக்குள் நின்று, ஒவ்வொரு இலையாகத் திருப்பித் திருப்பி உருளைச் செடிக்கு மருந்து அடித்தேன். என் பக்கத்துப் பாத்தியில் அவள் வெறும் முகத்தோடு குனிந்திருந்தாள்.

ஐந்தாம் நாள் காய்ச்சல். கன்னம் தீயாகச் சிவந்திருந்தது. கால் வீங்கியது. மதுரையில் பரிசோதித்துவிட்டு, சிறுநீரில் புரதம் இறங்குகிறது என்றார்கள். மாத்திரையைக் கூட்டினார்கள்.

டாக்டரம்மா அவளிடம் கேட்டார். "கிரீம் போட்டீங்களா?"

"நாலு நாள் போடலம்மா." அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாந்தான் வேணாம்னுட்டேன். பிசுபிசுன்னு இருந்துச்சு."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அப்படின்னா இனிமே தோட்டம் கிடையாது. கிரீம் போட மாட்டேங்கிறவங்களை நான் வெளியில விட முடியாது."

அவள் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டாள். என் வாழ்நாளில், தப்பு என்னுடையது என்று யாரிடமும் நான் சொன்னதில்லை. அண்ணன் தம்பியிடமும் இல்லை, அவளிடமும் இல்லை.

"அவ பொய் சொல்றாம்மா. அவ கேட்டா. மேகமாத்தானே இருக்கு, வேணாம்னு நாந்தான் அதட்டுனேன்."

நல்ல வசவு விழுந்தது. மேகத்துக்குள்ளேயும் கதிர் வரும், பாதிக்கு மேல் வரும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தார். சிறுநீர் சரியாகட்டும், அதற்குப் பிறகு காலை ஒன்பதுக்குள், சாயங்காலம் நாலுக்கு மேல். மேகமோ மழையோ, ஒரு நாள் தவறக் கூடாது. "நீங்களே போட்டு விடுங்க. ஒழுங்காப் போடுவீங்களா?" போடுவேன் என்றேன்.

வத்தலக்குண்டு தாண்டி பேருந்து மலையேற ஆரம்பித்ததும் காற்று குளிர்ந்தது. வெயில் படாத பக்கமாகப் பார்த்து அவளை உட்கார வைத்திருந்தேன். அப்போது கேட்டேன்.

"எதுக்கு அப்படிச் சொன்ன? என்னைய ஏசுவாங்கன்னா?"

"நீங்க ஏச்சு வாங்குறது புதுசா?" என்று சிரித்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க விட்டுட்டீங்கன்னு தெரிஞ்சா, தங்கச்சியப் போடச் சொல்லிருவாங்க. காலையில நீங்க தடவி விடுறப்பதாங்க எனக்கு நோவுங்கிறதே மறக்குது. அது இருந்தாப் போதும், தோட்டம் போனாப் போகுதுன்னு நினைச்சேன்."

பேருந்து நிறைய ஆட்கள். அத்தனை பேருக்கு முன்னால் அவள் முகத்தைத் தொட எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். விரல்கள் வீங்கியிருந்ததால் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. ஊர் வரும்வரை சும்மா வைத்திருந்தேன்.